கட்டுண்ட ஓநாய்



உலகின் வடகோடியில், நீண்ட குளிர்காலத்தையும் குறுகிய கோடையையும் உடைய நாடுகளில் வழங்கிய பழங்கதை ஒன்றை இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம். நோர்வே, சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து ஆகிய அந்நாடுகளின் பழங்குடி மக்களை நார்ஸ் மக்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் குறிப்பிடுவர். கடலோடிகளாகவும் கொள்ளையராகவும் பெயர் பெற்ற வைக்கிங்குகள் இவர்களே. கிறிஸ்துவ சமயத்தைத் தழுவும் முன்னர் இவர்கள் பல தெய்வங்களை வணங்கினார்கள். அத்தெய்வங்களின் கதைகளில் ஃபென்ரிர் என்னும் ஒரு பெரும் ஓநாய் வருகிறது. தெய்வங்களின் தலைவனையே விழுங்கப் போகும் ஓநாய் அது. அந்த ஓநாய் யார், அதன் பொருள் என்ன என்பதே இன்றைய பேச்சு.

இந்தப் பேச்சுக்குக் காரணமாக இருந்தது ஒரு மாணவியின் கேள்வி. நாம் பணியாற்றும் தோட்டப் பள்ளியில், ஒருநாள் நூலக நேரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இக்கதையைச் சொல்லிக்கொண்டிருந்தோம். பால்மரக் காட்டில் காட்டுப் பன்றியையும் கீரியையும் கண்ட பிள்ளைகள் அவர்கள். ஓநாயை ஒருவரும் கண்டதில்லை. ஆயினும் கதையில் ஓநாய் வந்ததும் வகுப்பு அடங்கிவிட்டது. தெய்வங்கள் ஓநாயை ஏமாற்றிக் கட்டிப் போடும் இடம் வந்தது. முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "சார், அதுவரைக்கும் அந்த ஓநாய் என்ன தப்பு செஞ்சிச்சு?" என்று கேட்டாள்.

விடை சொல்ல வாய் திறந்தோம்; விடை வரவில்லை. கதையை முன்னும் பின்னும் மனத்தில் புரட்டிப் பார்த்தோம். ஓநாய் செய்த தவறு ஒன்றும் அகப்படவில்லை. நல்ல வேளையாக மணி அடித்தது. "நாளைக்குச் சொல்கிறேன்" என்று தப்பித்தோம். அந்த நாளைக்கு உரிய விடையைத் தேடிப் போனபோது கண்டவற்றையே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் இக்கதை நமக்கு எவ்வாறு கிடைத்தது என்று காண்போம். நார்ஸ் மக்களின் புராணக் கதைகளுள் பெரும்பாலானவை ஐஸ்லாந்துத் தீவில் எழுதப்பட்ட இரண்டு நூல்களில் அடங்கியுள்ளன. இரண்டுக்கும் எட்டா என்றே பெயர். ஒன்று பாட்டு நூல். அதன் தலையாய கையெழுத்துப் படி 1270ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. மற்றொன்று உரைநடை நூல். அதை 1220ஆம் ஆண்டளவில் எழுதியவர் ஸ்னோரி ஸ்துர்லுசன் என்னும் ஐஸ்லாந்துக்காரர்.

பாட்டு நூலின் படி 45 தோல் ஏடுகளைக் கொண்ட ஒரு சிறிய சுவடி. பல நூற்றாண்டுகள் அது எங்கிருந்தது என்பதே தெரியாமல் கிடந்து, 1643இல் பிரின்யோல்ஃபூர் ஸ்வெயின்சன் என்னும் பேராயர் கைக்கு வந்தது. 1662இல் அது டென்மார்க் மன்னருக்கு அனுப்பப்பட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கோபன்ஹேகன் நகரில் இருந்து, 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கப்பல் வழியாக ஐஸ்லாந்துக்குத் திரும்பி வந்தது. அன்று அதை வரவேற்க ரெய்க்யாவிக் துறைமுகத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் கூடி நின்றார்கள். ஒரு பழஞ்சுவடிக்காக ஓர் ஊரே துறைமுகத்தில் திரண்டது என்றால், அந்த மக்கள் தங்கள் பழங்கதைகளை எவ்வளவு மதித்தார்கள் என்பதை நாம் உணரலாம்.

இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். ஓநாயின் கதையை ஏட்டில் எழுதி வைத்த ஐஸ்லாந்தில் ஓநாயே இல்லை. மனிதன் குடியேறும் முன்னர் அத்தீவில் வாழ்ந்த நிலவிலங்கு பனி நரி ஒன்றுதான். ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரும்பாலும் நோர்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள், ஆடுமாடுகளையும் வீட்டுச் சாமான்களையும் கொண்டுவந்ததைப் போலவே ஓநாயைப் பற்றிய அச்சத்தையும் கதையாகக் கொண்டுவந்தார்கள். விலங்கு வரவில்லை, அதன் கதை வந்தது. நம் தோட்டத்துப் பிள்ளைகளைப் போலவே ஐஸ்லாந்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் ஓநாயைக் காணாமலே அதற்கு அஞ்சியிருப்பார்கள்.

இனிக் கதைக்கு வருவோம். ஸ்னோரி சொல்லும் முறையிலேயே சுருக்கிச் சொல்கிறோம்.

தெய்வங்களோடு கூடி வாழ்ந்தவன் லோக்கி. சூழ்ச்சியில் வல்லவன். அவனுக்கும் அங்கர்போடா என்னும் அரக்கிக்கும் மூன்று பிள்ளைகள் பிறந்தன. ஒன்று ஃபென்ரிர் என்னும் ஓநாய். ஒன்று பெரும் பாம்பு. ஒன்று ஹெல் என்னும் பெண். இம்மூவராலும் தெய்வங்களுக்குப் பெருங்கேடு விளையும் என்று குறிகள் கூறின. தாயும் தீயவள், தந்தை அவளினும் தீயவன், பிள்ளைகள் எப்படி இருக்கும் என்று தெய்வங்கள் எண்ணினார்கள். தெய்வங்களின் தலைவனான ஓடின் பிள்ளைகளைப் பிடித்து வரச் செய்தான். பாம்பைக் கடலில் எறிந்தான். அது வளர்ந்து உலகையே சுற்றிக் கிடந்தது. ஹெல்லைப் பாதாளத்துக்கு அனுப்பி, நோயாலும் மூப்பாலும் இறப்பவர்களுக்குத் தலைவியாக்கினான். ஓநாய்க் குட்டியை மட்டும் தெய்வங்கள் தங்கள் இடத்திலேயே வைத்து வளர்த்தார்கள்.

வளர்த்தார்கள் என்றாலும், அருகில் போய் அதற்கு இரை கொடுக்கும் துணிவு ஒரே ஒருவனுக்குத்தான் இருந்தது. அவன் பெயர் டீர். போருக்கும் வீரத்துக்கும் உரிய தெய்வம். ஆங்கிலத்தில் செவ்வாய்க்கிழமைக்கு வழங்கும் 'டியூஸ்டே' என்னும் பெயர் இவன் பெயரால் வந்தது. புதன்கிழமை ஓடினின் பெயராலும், வியாழக்கிழமை தோர் என்னும் இடித் தெய்வத்தின் பெயராலும் வழங்குகின்றன. டீர் என்னும் சொல்லும், வடமொழியில் 'தேவ' என்னும் சொல்லும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்று மொழிநூலார் கூறுவர். அந்தத் தேவன் நாள்தோறும் ஓநாய்க்கு இரை போட்டான்.

ஓநாய் நாளுக்கு நாள் வளர்ந்தது. தெய்வங்களின் அச்சமும் அதனோடு வளர்ந்தது. ஆகவே அதைக் கட்டிப் போட எண்ணினார்கள். லேய்டிங் என்னும் வலிய தளையைச் செய்து கொண்டுவந்து, "உன் வலிமையை இதில் காட்டு பார்க்கலாம்" என்றார்கள். ஓநாய் இசைந்தது, ஒரே உதையில் தளை அறுந்தது. அதைவிட வலிய டிரோமி என்னும் தளையைச் செய்தார்கள். இதை அறுத்தால் உன் புகழ் உலகெங்கும் பரவும் என்றார்கள். இடருக்குத் துணியாமல் புகழ் வராது என்று ஓநாய் எண்ணி, அதற்கும் இசைந்தது. உடலை உதறித் தரையில் மோதி முறுக்கவே, தளை துண்டு துண்டாகித் தொலைவில் போய் விழுந்தது.

மூன்றாவதாக ஓடின் ஒரு தூதனைக் குள்ளர்களிடம் அனுப்பினான். மண்ணுக்கு அடியில் வாழும் கைவினைஞர்கள் அவர்கள். அவர்கள் கிளெய்ப்னிர் என்னும் தளையை ஆறு பொருள்களால் செய்து கொடுத்தார்கள். பூனையின் காலடி ஓசை, பெண்ணின் தாடி, மலையின் வேர், கரடியின் நரம்பு, மீனின் மூச்சு, பறவையின் எச்சில் ஆகியவையே அந்த ஆறு. பூனை நடந்தால் ஓசை கேட்பதில்லை, பெண்ணுக்குத் தாடி இல்லை, மலைக்கு வேர் இல்லை. இவையெல்லாம் அந்தத் தளைக்குப் போய்விட்டதால்தான் இப்போது இல்லை என்று கதை சொல்கிறது. நம் வகுப்புப் பிள்ளைகள் இந்த இடத்தில் கைதட்டிச் சிரித்தார்கள். தளை பட்டு நாடாவைப் போல மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருந்தது.

ஒரு ஏரியின் நடுவே இருந்த தீவுக்கு ஓநாயை அழைத்துப் போய் நாடாவைக் காட்டினார்கள். ஓநாய் இப்போது ஐயுற்றது. 'இவ்வளவு மெல்லிய நாடாவை அறுப்பதில் எனக்கு என்ன புகழ்? இதில் சூழ்ச்சி இருக்குமானால் இது என் காலில் ஏறாது' என்றது. உன்னால் அறுக்க முடியாவிட்டால் நாங்களே அவிழ்த்து விடுகிறோம் என்று தெய்வங்கள் வாக்களித்தார்கள். அப்படியானால் அந்த வாக்குக்கு ஈடாக உங்களில் ஒருவர் என் வாயில் கையை வைக்க வேண்டும் என்றது ஓநாய்.

தெய்வங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவரும் முன்வரவில்லை. டீர் மட்டும் முன்வந்து தன் வலக்கையை ஓநாயின் வாயில் வைத்தான். ஓநாய் திமிறத் திமிற நாடா இறுகியது. அதைக் கண்ட தெய்வங்கள் எல்லாரும் சிரித்தார்கள்; டீர் சிரிக்கவில்லை. அவன் கை போயிற்று. இவ்வளவுதான் ஸ்னோரி எழுதுகிறார். கை போனதைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வரிக்கு மேல் அவர் எழுதவில்லை. நாள்தோறும் இரை கொடுத்த கையே அன்று ஈடாக வைக்கப்பட்ட கை என்பதை நாம்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர் நாடாவின் நுனியைப் பாறையில் கோத்து நிலத்துக்குள் ஆழப் புதைத்தார்கள். ஓநாய் வாயைப் பிளந்து கடிக்க வந்தபோது, வாய்க்குள் ஒரு வாளை நிறுத்தினார்கள். பிடி கீழ்த்தாடையில், முனை மேலண்ணத்தில். அன்று முதல் அது ஊளையிட்டுக் கிடக்கிறது. அதன் வாய்நீர் ஓர் ஆறாக ஓடுகிறது. அந்த ஆற்றின் பெயர் 'வான்'. நம் மொழியில் வான் என்றால் விண். நார்ஸ் மொழியில் அச்சொல்லுக்கு எதிர்பார்ப்பு, நம்பிக்கை என்று பொருள். கட்டுண்டு கிடக்கும் ஓநாயின் வாயிலிருந்து வழியும் ஆற்றுக்கு நம்பிக்கை என்று பெயரிட்ட அந்த மக்களின் மனம் எத்தகையது! விடுதலைக்காக ஓநாய் கொண்ட நம்பிக்கையோ, கட்டு நிற்கும் என்று தெய்வங்கள் கொண்ட நம்பிக்கையோ, கதை சொல்லவில்லை.

கதையின் இறுதி ராக்னரோக் எனப்படும் பேரழிவு. இடையில் கோடை இல்லாமல் மூன்று குளிர்காலங்கள் தொடர்ந்து வரும். அதற்கு முன்பே உலகெங்கும் போர் மூண்டு, பொருளாசையால் உடன்பிறந்தார் ஒருவரை ஒருவர் கொல்வர். ஓர் ஓநாய் சூரியனை விழுங்கும். மற்றொன்று சந்திரனைப் பிடிக்கும். தளைகள் எல்லாம் அறும். ஃபென்ரிர் கீழ்த்தாடை நிலத்திலும் மேல்தாடை விண்ணிலும் படுமாறு வாயைப் பிளந்துகொண்டு வரும். ஓடினை விழுங்கும். உடனே ஓடினின் மகன் விடார் பாய்ந்து, அதன் கீழ்த்தாடையை ஒரு காலால் மிதித்து, மேல்தாடையைக் கையால் பற்றி வாயைக் கிழிப்பான். உலகம் நெருப்பில் வெந்து கடலில் மூழ்கும். அதன் பிறகு பசுமையான புது நிலம் கடலிலிருந்து எழும். காட்டில் ஒளிந்து பிழைத்த ஓர் ஆணும் பெண்ணும் மனித குலத்தை மீண்டும் தொடங்குவர்.

இக்கதை ஐஸ்லாந்து ஏடுகளில் மட்டும் இருந்ததன்று. இங்கிலாந்தின் வடமேற்கே காஸ்ஃபோர்த் என்னும் ஊரின் தேவாலய முற்றத்தில், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த, நான்கு மீட்டருக்கு மேல் உயர்ந்த கற்சிலுவை ஒன்று நிற்கிறது. அதில் இயேசு சிலுவையில் அறையுண்ட காட்சியும் இருக்கிறது. ஒரு விலங்கின் தாடையைக் காலால் மிதித்து வாயைப் பிளக்கும் வீரனின் உருவமும் இருக்கிறது. அவ்வீரனை விடார் என்றே அறிஞர் கொள்வர். ஐல் ஆஃப் மேன் தீவில் உள்ள மற்றொரு சிலுவைத் துண்டில், தோளில் காக்கை அமர்ந்திருக்க, ஈட்டி ஏந்திய ஒருவனின் காலை ஓநாய் கவ்வும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அவன் ஓடின். புதிய சமயம் வந்த பின்னும் மக்கள் பழைய ஓநாயை மறக்கவில்லை என்பதற்கு இக்கற்கள் சான்று.

நேயர்களே, இனிப் பொருளுக்கு வருவோம். ஓநாய் எதைக் குறிக்கிறது?

எளிய விடை ஒன்று உண்டு. ஓநாய் என்பது தீமை, தெய்வங்கள் நன்மை, தீமையைக் கட்டி வைப்பது அறிவுடைமை. முளையிலேயே கிள்ளி எறிந்திருந்தால் இன்னும் நல்லது என்றும் சிலர் சொல்லுவர். வேறு சிலர் இயற்கையைக் கொண்டு பொருள் கூறினார்கள். குளிர்காலத்தில் பகல் குறுகும் நாட்டில், சூரியனை இருள் விழுங்குமோ என்னும் அச்சமே ஓநாய் வடிவம் பெற்றது என்றார்கள். பனிக்காலத்தில் பசியோடு ஆட்டுக் கொட்டிலைச் சுற்றி வந்த உண்மையான ஓநாயும் இந்த உருவத்துக்குள் இருக்கத்தான் வேண்டும்.

ஆனால் நார்ஸ் மக்களின் சட்டத்தைப் பார்க்கும்போது இன்னொரு பொருள் புலனாகிறது. அவர்கள் மொழியில் 'வர்க்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று ஓநாய், மற்றொன்று சட்டத்துக்குப் புறம்பாகத் தள்ளப்பட்ட மனிதன். ஐஸ்லாந்தில் 930ஆம் ஆண்டு முதல் ஆல்திங் என்னும் பொதுமன்றம் ஆண்டுதோறும் கூடிற்று. மன்னன் இல்லாத நாடு அது. தீர்ப்பை நிறைவேற்றக் காவற்படையும் இல்லை. அங்கே வழங்கிய கடுந்தண்டனை, ஒருவனைச் சமுதாயத்திலிருந்து முற்றிலும் விலக்கி வைப்பது. அவனுக்கு ஒருவரும் சோறு போடக் கூடாது. இடம் கொடுக்கக் கூடாது. அவனைக் கொன்றால் குற்றம் இல்லை. அவன் காட்டுக்குப் போக வேண்டியவன்.

பகைவர் இருவர் சமாதானம் செய்துகொள்ளும்போது ஓதப்படும் வாசகம் ஒன்றும் அந்நாட்டுப் பழைய சட்டத் தொகுப்பில் இருக்கிறது. சமாதானத்தை முறித்தவன், மனிதர் ஓநாயை விரட்டும் இடமெங்கும் ஓநாயைப் போல விரட்டப்படுவான் என்பது அதன் கருத்து. ஆகவே அந்த மக்களுக்கு ஓநாய் என்றால் வெறும் விலங்கு அன்று. வாக்கை முறித்தவனே ஓநாய்.

இந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதையை மீண்டும் படித்துப் பாருங்கள். அறுக்க முடியாவிட்டால் அவிழ்த்து விடுவோம் என்று வாக்களித்தவர் யார்? தெய்வங்கள். அவிழ்க்காமல் நின்று சிரித்தவர் யார்? தெய்வங்கள். அப்படியானால் அன்று அந்தத் தீவில் வாக்கை முறித்த 'ஓநாய்' யார்? வேலியே பயிரை மேய்ந்த கதை அல்லவா இது!

ஸ்னோரியின் நூலில் ஒரு மன்னன் கேள்வி கேட்கக் கேட்க விடை சொல்வதாகவே கதைகள் அமைந்துள்ளன. அம்மன்னனும் ஒரு நல்ல கேள்வி கேட்கிறான். இவ்வளவு ஆபத்தான ஓநாயை ஏன் கொல்லவில்லை என்கிறான். தங்கள் புனித இடத்தை ஓநாயின் இரத்தத்தால் தீட்டுப்படுத்தத் தெய்வங்கள் விரும்பவில்லை என்று விடை வருகிறது. இரத்தம் சிந்தினால் தீட்டு. பொய் சொன்னால் தீட்டில்லையா? மன்னன் இதைக் கேட்கவில்லை. எங்கள் வகுப்புச் சிறுமி கேட்ட கேள்வியையும் கேட்கவில்லை.

தெய்வங்களின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குறிகள் பொய்க்கவில்லை, ஓநாய் இறுதியில் ஓடினை விழுங்கத்தான் போகிறது. அதுவரை உலகம் நிலைத்திருக்க அந்தக் கட்டு உதவியது. பிரெஞ்சு அறிஞர் ஜார்ஜ் துமெசில் 1940இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சியில், டீரின் செயலைச் சட்டத்தின் கண் கொண்டு நோக்கினார். டீர் வைத்த கை ஓர் ஈடு. அந்த ஈட்டை நம்பியே ஓநாய் கட்டுக்கு இசைந்தது. ஊரைக் காக்க ஒருவன் தன் கையைக் கொடுத்தான் என்று விளக்கினார். மறுக்க முடியாத விளக்கம்தான். எனினும் அந்த ஈகையிலும் ஒரு செய்தி இருக்கிறது. பொய் வாக்குக்கு மெய்யான விலை கொடுத்தவன், வாக்குக்கு அஞ்சிய ஒருவனே. சிரித்தவர்கள் ஒன்றும் இழக்கவில்லை.

இக்கதையை எழுதிய ஸ்னோரி வெறும் கதைசொல்லி அல்லர். ஆல்திங் மன்றத்தின் சட்டம் உரைப்போர் என்னும் உயர்ந்த பதவியை 1215 முதல் 1218 வரையிலும், 1222 முதல் 1231 வரையிலும் வகித்தவர். வாக்கின் மதிப்பு அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வாழ்ந்த காலத்திலோ ஐஸ்லாந்தின் பெருங்குடும்பங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. உறவும் ஒப்பந்தமும் காற்றில் பறந்தன. 1241ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் இரவு, ரெய்க்ஹோல்ட் என்னும் ஊரில் தம் வீட்டு நிலவறையில் ஒளிந்திருந்த அவரை ஆட்கள் வெட்டிக் கொன்றார்கள். ஆட்களை அழைத்து வந்தவன் ஒரு காலத்தில் அவருக்கு மருமகனாக இருந்த கிசுர் தோர்வல்ட்சன். அவன் பின்னால் இருந்தவர் நோர்வே மன்னர். 1262 முதல் 1264 வரையிலான ஆண்டுகளில் ஐஸ்லாந்தின் தலைவர்கள் அந்த மன்னருக்கே அடிபணிந்தார்கள். மூன்று நூற்றாண்டு கடந்த மன்னனில்லா ஆட்சி முடிந்தது. உடன்பிறந்தார் ஒருவரை ஒருவர் கொல்லும் காலத்தில்தான் ஓநாய் அவிழும் என்று கதை சொன்னது. அந்த நாட்டில் அதுவே நடந்தது.

இனி, கதையில் வரும் இரண்டு பொருள்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று கிளெய்ப்னிர் என்னும் நாடா. அது இல்லாத பொருள்களால் ஆனது. இல்லாத வேர், இல்லாத தாடி, கேட்காத காலடி. பொய் வாக்கும் அப்படித்தான். உள்ளே ஒன்றும் இல்லை. ஆனாலும் கட்டும். எவ்வளவு நாளைக்கு? ராக்னரோக் வரும் வரைக்கும்.

மற்றொன்று விடாரின் காலணி. ஓநாயின் பல்லுக்கு அஞ்சாத அக்காலணி எங்கிருந்து வந்தது தெரியுமா? மக்கள் தங்கள் காலணிக்குத் தோல் வெட்டும்போது, விரல் பக்கத்திலும் குதிகால் பக்கத்திலும் மிஞ்சும் சிறு துண்டுகளைக் காலமெல்லாம் சேர்த்துச் செய்தது அது. ஆகவே தெய்வங்களுக்கு உதவ நினைப்பவர்கள் அந்தத் துண்டுகளை எறிந்துவிட வேண்டும் என்று ஸ்னோரி எழுதுகிறார். ஏழை வீட்டுத் தோல் துண்டும் அதில் இருக்கும். மாயத் தளையால் முடியாததை, பேர் தெரியாத மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொடுத்த சிறு துண்டுகள் முடித்துவைத்தன. இக்கதையில் நம் மனத்தை மிகவும் தொட்ட இடம் இதுதான்.

சிறுமியின் கேள்விக்குத் திரும்புவோம். அதுவரைக்கும் ஓநாய் என்ன தவறு செய்தது? நூலைத் தேடிப் பார்த்து நாம் கண்ட விடை இதுவே: ஒன்றும் செய்யவில்லை. அது வளர்ந்தது; அவ்வளவுதான். யாருடைய பிள்ளை என்பதை வைத்தும், என்ன ஆகும் என்னும் சொல்லை வைத்தும் அதற்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கட்டாமல் விட்டிருந்தால் அது நல்ல ஓநாய் ஆகியிருக்குமா? அதைக் கதை சொல்லவில்லை. அப்படி ஒரு வாய்ப்பை அதற்கு ஒருவரும் கொடுக்கவில்லை. இரை கொடுத்த ஒருவன்கூட இறுதியில் கட்டுவதற்கே துணை நின்றான்.

மறுநாள் வகுப்பில் இந்த விடையைச் சொன்னோம். சொல்லும்போதே நம் கண் கடைசி வரிசைக்குப் போயிற்று. அங்கே ஒரு சிறுவன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனை அங்கே உட்கார வைத்தவர்கள் நாம்தான். ஆண்டு தொடங்கிய முதல் நாளிலேயே உட்கார வைத்தோம். அவன் தகப்பனைப் பற்றித் தோட்டத்தில் பேசிக்கொண்டதை நாம் கேட்டிருந்தோம். அவன் அண்ணன்மார் பள்ளியில் செய்த தொல்லைகளும் நமக்குத் தெரியும். 'இவனும் அந்த வீட்டுப் பிள்ளைதானே' என்று எண்ணினோம். அவன் அதுவரை என்ன தவறு செய்திருந்தான் என்று அந்த நேரத்தில் நம்மையே கேட்டுக்கொண்டோம். முதல் நாளில் ஒரு பிள்ளை என்ன தவறு செய்திருக்க முடியும்? ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்துத் தேறியவர்கள் நாம். படித்ததெல்லாம் ஒரு பக்கம் இருக்க, ஊர்ப்பேச்சு நம்மை ஆட்டிவைத்தது.

அன்றே அவனை இரண்டாம் வரிசைக்கு மாற்றினோம். நூலக அலமாரியின் சாவியை அவனிடம் கொடுத்தோம். அவன் பின்னர் பெரிய மனிதன் ஆகிவிட்டான் என்று இப்பேச்சை இனிமையாக முடிக்க நாம் விரும்பவில்லை. அவன் சில நாள் சாவியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தான். ஒருநாள் சண்டையும் போட்டான். ஆனால் அந்தச் சண்டை அவன் சண்டை. அதற்கு உரிய கண்டிப்பை அவனுக்குக் கொடுத்தோம். அவன் தகப்பனுக்கு உரியதைச் சேர்த்துக் கொடுக்கவில்லை. தவறு செய்த பின் திருத்துவது வேறு. செய்வான் என்று முன்கூட்டியே கட்டிப் போடுவது வேறு. இந்த வேறுபாட்டை நமக்குக் கற்றுக்கொடுத்தவள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி.

நேயர்களே, கொடிய விலங்கும் கொடியவரும் உலகில் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஓநாயிடமிருந்து ஆட்டைக் காக்கத்தான் வேண்டும். காக்கும் வழி எது என்பதே கேள்வி. பெற்றோராகிய நீங்களும் ஆசிரியராகிய நாமும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் எத்தனையோ வாக்குறுதிகள் கொடுக்கிறோம். அவற்றுள் கிளெய்ப்னிர் நாடாக்கள் எத்தனை, தோல் துண்டுகள் எத்தனை என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். வீண் அச்சத்தைக் கொண்டு பிள்ளைகளைக் கட்டாமல், நாள்தோறும் நம்மால் இயன்ற சிறு துண்டைச் சேர்த்து வைப்போம்.